பிரிவு 34-இல் 1 கோடி, அலுவலகத்தில் 50 லட்சம்: சட்டத்தின் சரியான வாசகத்தை இணையத்தில் எங்கே பார்ப்பது?

4 ஜனவரி 2025, காலை 9.10 (ஒரு வாசகரின் கேள்வி)

வீடு கட்டித் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரருக்கு 62 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறேன். வேலை பாதியில் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ மத்திய அரசின் இந்தியா கோட் தளத்திலிருந்து இறக்கி நானே படித்தேன். 1 கோடி ரூபாய் வரையிலான முறையீட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. மனுவோடு அந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனால், 50 லட்சத்துக்கு மேல் என்றால் மாநில ஆணையத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அரசுத் தளத்தில் இருப்பது பொய்யா, அல்லது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் தெரியாதா?

4 ஜனவரி 2025, பகல் 12.30

அலுவலகம் சொன்னதுதான் சரி. 2021-இல் இது திருத்தப்பட்டுவிட்டது. 50 லட்சம் வரை மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். தளத்தில் திருத்தம் ஏறவில்லை போலும்.

4 ஜனவரி 2025, இரவு 10.05

பகலில் எழுதியதைத் திருத்துகிறேன். தொகைகள் சரி, காரணம் தவறு. தளத்தின் மேல் பழி போட்டதும் தவறு.

நாடாளுமன்றம் பிரிவு 34-இன் தொகையைத் திருத்தவே இல்லை. அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவைக் கடைசி வரி வரை படித்தால், 1 கோடி என்று சொன்ன கையோடு ஒரு வரம்புரை வருகிறது: தேவை என்று கருதினால் மத்திய அரசு வேறு தொகையை வகுத்துரைக்கலாம் என்பது அதன் சாரம். அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் 2021 டிசம்பர் இறுதியில் மூன்று ஆணையங்களின் அதிகார வரம்பு பற்றிய விதிகளை அரசு வெளியிட்டது. ஆகவே சட்டத்தில் 1 கோடி என்றே இன்றும் அச்சாகும், அது பிழையன்று. விதிகளில் 50 லட்சம் என்று இருக்கும். நடைமுறையில் செல்லுவது விதிகளின் தொகை.

இந்தியா கோட் தளத்தில் ஒரு சட்டத்தைத் திறந்தால், பிரிவுகளின் பட்டியலை அடுத்து விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவிக்கைகள், ஆணைகள் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும். பெரும்பாலோர் பிடிஎஃப்-ஐ இறக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். நானும் பகலில் அதைத்தான் செய்தேன், அதுவும் இறக்காமலேயே.

இன்னொன்று. இந்த 62 லட்சம் என்பது நீங்கள் கொடுத்த பணம், கேட்கும் இழப்பீடு அன்று. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் சேவையின் மதிப்போடு கேட்கும் இழப்பீட்டையும் கூட்டி வரம்பைக் கணக்கிட்டார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுத்த பணம் மட்டுமே கணக்கு. இணையத்தில் இன்னும் பழைய கணக்கைச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உலவுகின்றன.

5 ஜனவரி 2025, காலை 7.20

நான் வழக்கறிஞர் அல்லன், வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்படி அடித்துச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நேற்று இரவு யோசித்தேன். 2011-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நூல் வியாபாரம் செய்யும் ஒரு கட்சிக்காரர், திரும்பி வந்த காசோலையோடு வந்தார். சீனியர் ஊரில் இல்லை. வங்கியின் மெமோ அவர் கைக்கு வந்து 22 நாட்கள் ஆகியிருந்தன. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-ஐ இணையத்தில் தேடினேன், முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று பார்த்தேன். "கெடு போய்விட்டது, இனி சிவில் வழக்குதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் சீனியர் வந்து கேட்டார்: "எந்த வருஷத்துச் சட்டத்தை வாசித்தாய்?" 2002-ஆம் ஆண்டின் 55-ஆம் சட்டம் அந்த 15-ஐ 30 ஆக்கியிருந்தது. 2003 பிப்ரவரி 6 முதல் நடைமுறை. நான் படித்த பக்கம் அதற்கு முந்தைய வாசகத்தை எட்டு ஆண்டுகள் கழித்தும் தேதி எதுவும் இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே பிரிவில் இரண்டு 15 இருந்தன. நோட்டீஸ் அனுப்பும் கெடுவான முதல் 15 மாறியது. நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்டுவதற்கான இரண்டாவது 15 இன்றும் 15 ஆகவே இருக்கிறது. கட்சிக்காரரைத் தொலைபேசியில் பிடித்து 26-ஆம் நாள் நோட்டீஸ் போனது.

எந்தத் தளம் என்பதைவிட, அந்தத் தளம் காட்டுவது எந்தத் தேதியின் வாசகம் என்பதுதான் முதல் கேள்வி.

5 ஜனவரி 2025, மாலை 6.45

அடிக்குறிப்பை எப்படிப் படிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இந்தியா கோட் தளத்தின் பிடிஎஃப்-இல் ஒரு சொல்லுக்கு முன்னால் சிறிய எண்ணும் பகர அடைப்பும் இருந்தால், அந்த அடைப்புக்குள் இருப்பது பிறகு வந்த வாசகம். பக்கத்தின் கீழே அதே எண்ணுக்கு நேராக, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவால், எந்தச் சொல்லுக்குப் பதிலாக, எந்த நாள் முதல் என்று நான்கு விவரங்களும் இருக்கும். முன்பு இருந்த சொல்லும் அங்கேயே இருப்பதால், பழைய வாசகத்தை ஓரளவு அதைக் கொண்டே மீட்டெடுத்துவிடலாம். பிரிட்டனின் லெஜிஸ்லேஷன் டாட் கவ் டாட் யூகே தளத்தில் இந்த வேலை மிச்சம், அங்கே பல சட்டங்களை ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்தபடியே திறந்து பார்க்க முடிகிறது. நமக்கு அடிக்குறிப்புதான் கால யந்திரம்.

சட்டப் பக்கத்தின் தலைப்பில் இயற்றிய நாள், நடைமுறைக்கு வந்த நாள் என்று இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் எதுவும் சொல்லாவிட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளிலேயே அது நடைமுறைக்கு வரும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம், பிரிவு 5 சொல்கிறது. ஆனால் "அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாள்" என்று பல சட்டங்கள் எழுதிவைத்துக்கொள்கின்றன, வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு நாள் என்றும் எழுதிக்கொள்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு 2023 டிசம்பர் 25-இல் ஒப்புதல், 2024 ஜூலை 1-இல் நடைமுறை. அதிலும் பிரிவு 106-இன் இரண்டாம் உட்பிரிவு, அதாவது விபத்தை உண்டாக்கிவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்று லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்த வரி பளிச்சென்று இருக்கிறது. அதை நிறுத்திவைத்திருப்பது 2024 பிப்ரவரியில் வந்த ஒரு பக்க அறிவிக்கை.

8 ஜனவரி 2025, இரவு 9.30

அரசிதழ் மட்டுமே அதிகாரபூர்வமானது, இந்தியா கோட் வெறும் வசதிக்கானது என்று ஒருவர் வாதிடுகிறார். சரிதான். ஆனால் கடையில் கணக்கு எழுதியவர்களுக்குக் குறிப்பேடு எது, பேரேடு எது என்று தெரியும். அரசிதழ் குறிப்பேடு. அன்றன்று நடந்தது அன்றன்று பதிவாகும். இந்தியா கோட் பேரேடு, குறிப்பேட்டிலிருந்து எடுத்து ஆள்வாரியாக ஏற்றப்பட்டது. பாக்கி எவ்வளவு என்று பார்க்கப் பேரேட்டைத் திறப்போம், சண்டை வந்தால் குறிப்பேட்டைத் திறப்போம். பேரேடு இல்லாமல் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை ஒருவர் கட்டியெழுப்பட்டும், பார்க்கலாம்.

மின் அரசிதழ்த் தளத்தில் தேட, பகுதிகளின் வரிசை தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பகுதி 2, பிரிவு 1-இல் நாடாளுமன்றச் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். பிரிவு 2-இல் மசோதாக்கள். பிரிவு 3, உட்பிரிவு 1-இல் அமைச்சகங்களின் பொது விதிகள், இவற்றின் எண் ஜி.எஸ்.ஆர். என்று தொடங்கும். உட்பிரிவு 2-இல் எஸ்.ஓ. என்று தொடங்கும் ஆணைகளும் அறிவிக்கைகளும். மசோதாவைச் சட்டம் என்று நினைத்துப் படிப்பவர்கள் ஏராளம். செய்தித்தாளில் வந்த மறுநாள் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மசோதாதான்.

2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் காகிதத்தில் விற்பனைக்கு அச்சாவதில்லை. இணையத்தில் ஏற்றுவதுதான் வெளியீடு. இந்தியா கோட் இன்றைய நிலைக்கு வந்ததில் ஒரு சட்ட மாணவருக்குப் பங்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவர் கேட்டதிலிருந்து எழுந்த 2016-ஆம் ஆண்டின் வழக்கில்தான் டில்லி உயர் நீதிமன்றம், மத்தியச் சட்டங்களின் இற்றைப்படுத்திய வாசகத்தைக் கணினியில் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

9 ஜனவரி 2025, காலை 8.00

அச்சுப் புத்தகம் வாங்கினால் போதாதா என்ற கேள்விக்கு: வாங்கலாம், முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். சட்ட வாசகத்தை மட்டும் அச்சிடும் இந்தப் புத்தகங்களுக்குப் பேர் ஆக்ட் என்று பெயர்; பேர் ஆக்ட் என்றால் பேருக்கு ஆக்ட் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கேலி உண்டு.

அந்தப் புத்தகங்களில் பிரிவுகளுக்குக் கீழே ஓரிரு வரி விளக்கம் இருக்குமே, ஏன் என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52-ஐப் படித்தபோது ஒரு வேளை இதனால் இருக்கலாம் என்று தோன்றியது. அரசிதழில் வந்த மற்றவற்றை அப்படியே மறுபதிப்புச் செய்யலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மட்டும் விளக்கவுரையோ வேறு சொந்தச் சரக்கோ சேர்த்து வெளியிட்டால்தான் உரிமை மீறல் ஆகாது. எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதைச் சும்மா அச்சிட்டால் குற்றம், உப்புக்கல் அளவு உரை சேர்த்தால் குற்றமில்லை.

13 ஜனவரி 2025, இரவு 11.15

5-ஆம் தேதிக் குறிப்பில் அடிக்குறிப்பைக் கால யந்திரம் என்று புகழ்ந்துவிட்டேன். அது உயிரையும் வாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ-ஐ 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாது என்று அறிவித்தது. நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாததாக்கினால் அச்சிலிருந்து அது மறைவதில்லை, நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. ஆகவே பிரிவு முழு வாசகத்தோடு அதே இடத்தில் கிடந்தது, செல்லாது என்பது கீழே சிறு எழுத்தில் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் பல மாநிலங்களில் காவல்துறையினர் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2021 ஜூலையில் இது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் சொன்ன காரணம், பிரிவு அச்சில் அப்படியே இருக்கிறது, செல்லாது என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்பது. அதன் பின் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

இதனால்தான் வாசகத்தைப் பார்த்த பிறகு இந்தியன் கானூன் போன்ற தீர்ப்புத் தேடல் தளத்திலும் அந்தப் பிரிவின் எண்ணைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுகிறேன். 2008-இல் தொடங்கிய தளம் அது, இலவசம். சட்ட வாசகத்துக்காக அன்று, அந்த வாசகத்துக்கு நீதிமன்றத்தில் என்ன நேர்ந்தது என்று அறிவதற்காக.

14 ஜனவரி 2025, பிற்பகல் 3.40

பொங்கல் விடுமுறை, ஆகவே நீளமாக எழுதுகிறேன். 66ஏ பல ஆண்டுகள் அச்சில் இருந்தும் சட்டமாக இருக்கவில்லை. சட்டமாக இருந்தும் அச்சில் பலர் கண்ணில் படாத ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் மத்திய வாசகத்தில் 7-க்கு அடுத்து 8 வரும். சடங்கு இல்லாத திருமணத்துக்கு அதில் இடமில்லை என்று முடிவுகட்டி ஒரு தம்பதி எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள், கையில் அச்சுப்படியோடு. தமிழ்நாட்டில் அந்த இரண்டுக்கும் நடுவில் 7ஏ இருக்கிறது. சுயமரியாதைத் திருமணமும் சீர்திருத்தத் திருமணமும் அதன்படி செல்லும்: உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்வதோ, மாலை அல்லது மோதிரம் மாற்றுவதோ, தாலி கட்டுவதோ போதும். இதைச் செய்தது மாநிலத்தின் 1967-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம். திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலம் திருத்தலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

தேடுவதில் இங்கே ஒரு சிக்கல். இயற்றப்பட்டபோது மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம், எனவே சட்டத்தின் பெயரில் மெட்ராஸ் என்று இருந்தது. 1969-இல் பெயர் தமிழ்நாடு என்று மாறியதும் சட்டத் தகவமைப்பு ஆணை மூலம் சட்டங்களின் பெயர்களும் மாறின. பழைய தீர்ப்புகளிலும் பழைய அரசிதழிலும் மெட்ராஸ் என்று தேட வேண்டும், இன்றைய தொகுப்பில் தமிழ்நாடு என்று தேட வேண்டும். மாநில அரசிதழில் சட்டங்கள் பகுதி 4, பிரிவு 2-இல் வரும்.

ஆகவே 5-ஆம் தேதி எழுதிய "எந்தத் தேதி" என்ற கேள்வியோடு "எந்த மாநிலம்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி 2025, இரவு 10.20

இவ்வளவு தேடினால்தான் கிடைக்கும் என்றால், தெரியாமல் மீறியவனைத் தண்டிப்பது எப்படி நியாயம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உச்ச நீதிமன்றம் இதற்கு இரு முனைகளிலும் பதில் சொல்லியிருக்கிறது.

1951-இன் ஹர்லா வழக்கு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபின் சட்டம் 1923-இல் ஆட்சிக் குழுவின் தீர்மானமாக நிறைவேறியது, ஆனால் எங்கும் வெளியிடப்படவில்லை. அதன்கீழ் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம். மக்கள் அறிய வழியே இல்லாமல் மூடிய அறைக்குள் செய்த தீர்மானம் சட்டம் ஆகாது என்று நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அவரை விடுவித்தது.

மறுமுனையில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற பெயருடைய ஒரு ஜெர்மானியர். 34 கிலோ தங்கத்தோடு சூரிக்கிலிருந்து மணிலாவுக்குப் பறக்கிறார். 1962 நவம்பர் 28-இல் விமானம் பம்பாயில் நிற்கிறது. வழியில் கொண்டுபோகும் தங்கத்தை விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் அறிவிக்கை நான்கு நாட்களுக்கு முன், நவம்பர் 24-இல்தான் இந்திய அரசிதழில் வந்திருந்தது. சூரிக்கில் இருந்தவர் அதை எப்படிப் பார்த்திருப்பார்? பார்த்திருக்க வேண்டியதில்லை, இந்தியாவில் முறைப்படி வெளியானதே போதும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி சுப்பாராவ் உடன்படவில்லை. நான் அவர் பக்கம்தான், ஆனால் என் பக்கத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

20 ஜனவரி 2025, காலை 6.50

"எந்தத் தேதி" என்றேன். அதுவும் போதாது.

2019 பிப்ரவரி 16, புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் பின். பாகிஸ்தானிலிருந்து வரும் பொருட்களுக்கு 200 விழுக்காடு சுங்க வரி என்று அறிவிக்கை. அது மின் அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் சரக்குக்குப் பத்திரம் தாக்கல் செய்திருந்தவர்களிடமும் புதிய வரியைக் கேட்டார்கள். ஜி.எஸ். சாத்தா அரிசி ஆலை வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை ஏறிய நொடிக்கு முன்னால் அது பொருந்தாது என்றது. காகித அரசிதழ்க் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நொடிக் கணக்கு அந்தப் பதிவேற்றத்தோடு வந்தது.

26 ஜனவரி 2025, மாலை 5.15

தமிழிலேயே படிக்க முடியாதா என்று கேட்டவருக்கு. அரசமைப்பின் உறுப்பு 348-இன்படி மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலம். ஆனால் 1973-இல் இயற்றிய ஒரு தனிச் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தில் அரசிதழில் வெளியான தமிழாக்கமும் அதிகாரபூர்வ வாசகமாகவே கருதப்படும். சில முக்கியச் சட்டங்களுக்கு அப்படிப்பட்ட தமிழாக்கம் இருக்கிறது. உலாவி ஒரு சொடுக்கில் மொழிபெயர்த்துத் தருவது அதுவன்று.

அந்தத் தமிழில் தேடுவதற்குச் சொல் தெரிய வேண்டும். செய்தித்தாளில் "சட்டப்பிரிவு 370" என்று வருவது அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பில் "உறுப்பு 370". ரத்து என்று நாம் சொல்வது "நீக்கறவு". நான் முதல் நாளே எழுதிய "வரம்புரை" என்ற சொல்லும் அங்கே கற்றதுதான்.

இலங்கை நண்பர் ஒருவர், அங்கே சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுவதைச் சுட்டியிருந்தார். உண்மை. நாடாளுமன்றத் தளத்தில் தமிழ் வாசகமே கிடைக்கிறது. ஆனால் சட்டங்களின் இறுதியில், இரண்டுக்கும் இடையே முரண் இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று ஒரு பிரிவு வழக்கமாக வருகிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

2 மார்ச் 2025, மாலை 6.40

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். விதிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு மாநில ஆணையத்துக்கு மனு தயாரிக்கிறாராம். கேட்பது ஒன்றுதான்: ஜனவரியில் நான் சொன்ன தொகை இன்றும் அதேதானா?

மின் அரசிதழில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு 1-இல் நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் அறிவிக்கைகளை 2021 டிசம்பரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தொகையை மாற்றும் விதி எதுவும் கண்ணில் படவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 69-ஐயும் ஒரு முறை படித்துவிடுங்கள், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு. வேலை எந்த மாதம் நின்றது என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அச்சுப்படியின் மேல் மூலையில் "2 மார்ச், மாலை 6.20" என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்து முடித்த நேரம் அது.